காவல் வேண்டாத மரம்

சூலக்கரை என்னும் ஊரைச் சுற்றிப் பரந்து கிடக்கும் வானம் பார்த்த கரிசல் பூமியில் இன்று எத்திசை நோக்கினும் கண்ணில் படுவது சீமைக்கருவேலம். மத்திய, தென் அமெரிக்கப் பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், 1877இல் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் விறகுப் பஞ்சத்துக்குப் பரிகாரமாக நமது வறண்ட தென் ஜில்லாக்களில் சர்க்கார் ஆதரவோடு பரப்பப்பட்டது.

உத்தேசத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. சொற்ப மழையே இம்மரத்துக்குப் போதும். உவர் நிலத்திலும் வளரும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலையை ஆடுமாடு விரும்புவதில்லையாதலால் வேலியும் காவலும் அநாவசியம். ஆனால் இலையை ஒதுக்கும் அதே ஆடு, பழுத்துத் தித்திக்கும் நெற்றை ஆசையோடு தின்கிறது. இறுகிய தோலுடைய விதையோ ஜீரணமாகாமல், முளைப்பதற்கு முன்னிலும் பக்குவமாகி, புழுக்கையோடு கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் தரிசிலும் போய் விழுகிறது. எந்தக் குணங்களுக்காக வரவேற்கப்பட்டதோ, அந்தக் குணங்களே அதைக் கட்டுக்கடங்காமல் விருத்தி செய்துவிட்டன. வரத்துக்கால்கள் முள்ளடைந்து தண்ணீரை மறித்தன. அடர்ந்த புதரின் கீழ்ப் புல் அற்று மேய்ச்சல் நிலம் சுருங்கியது. (காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும் என்று ஊரில் சொல்வது நிரூபணமான சங்கதியல்ல, உள்ள தோஷமே போதுமானது.)

2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றக் கட்டளையிட்டது; அவ்வாண்டிலேயே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடையும் விதித்தது. 2022இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களைக் குறித்து ஒரு கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதும் சுலபமன்று: தூரோடு பெயர்க்காவிட்டால் மறுபடி துளிர்க்கும், பெயர்த்தாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

இதனிடையே இம்மரத்தை நம்பி ஒரு ஜீவனமும் வேரூன்றிவிட்டது. கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, தழை பரப்பி, மண்பூசித் தீயிட்டு, உள்ளே சுவாலை எழும்பாதபடி துவாரங்களை அடைத்தும் திறந்தும், புகையின் நிறம் பார்த்து, இரவு பகலாகப் பக்கத்திலேயே கிடந்து கரியெடுக்கும் மூட்டத் தொழிலாளிக்கு, மழையில்லாத வருஷத்தில் வேறு கூலி ஏது? விறகில்லாத வீட்டை மாத்திரம் எண்ணி அன்று மரத்தைக் கொணர்ந்தோம். கண்மாயை மாத்திரம் எண்ணி இன்று அதைப் பெயர்க்க இயந்திரத்தைக் கொணர்ந்தால், அவன் அடுப்பு அணைந்துவிடும். கண்மாயிலும் வரத்துக்காலிலும் இம்மரத்தை எடுத்தே ஆகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த வேலையைக் கரிமூட்டக்காரர்களிடமே கூலி கொடுத்து ஒப்படைத்து, படிப்படியாக எடுப்பித்து, எடுத்த கரையோரங்களிலும் தரிசிலும் நாட்டுக்கருவேலும் வேம்பும் புங்கும் வைத்து, அவை ஆடு கடிக்காத உயரம் வளரும்வரை காவலுக்கும் அவர்களையே நியமித்துச் சம்பளம் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.