பால் காட்டிக்கொடுத்த புகைபோக்கி

சொசைட்டியில் பால் ஊற்றும்போது கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று பார்த்து விலை போடுகிறார்கள். அதே கொழுப்பில் டையாக்சின் என்ற நச்சு கலந்திருந்தால் அந்தக் கருவி காட்டாது. நிறமோ மணமோ மாறாது, பால் திரியவும் திரியாது.

நெதர்லாந்தில், ரோட்டர்டாம் நகரை ஒட்டிய லிக்கபார்ட் பகுதி மாட்டுப் பண்ணைகளில் 1989-ல் இது நடந்தது. அங்கு கறந்த பாலில் டையாக்சின் அதிகம் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. ஒரு கிராம் பால் கொழுப்பில் 6 பிகோகிராம் என அரசு வரம்பு விதித்து, அதைத் தாண்டிய பாலை விற்கத் தடை போட்டது. பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! அருகில் இருந்த பெரிய குப்பை எரி உலையின் புகைதான் புல்லில் படிந்திருந்தது. புகை விட்டது உலை, பாலை விற்க முடியாமல் நின்றது விவசாயி.

டையாக்சினை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பொருட்கள் அரைகுறையாக எரியும்போதும், எரிந்த புகை 200 முதல் 450 டிகிரி வெப்பத்தில் மெதுவாக ஆறும்போதும் உருவாகிறது. எளிதில் சிதையாது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். பயிரின் வேர் இதைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை (பூசணி வகை மட்டும் விதிவிலக்கு). இலை மேல் உள்ள மெழுகுப் படலம்தான் காற்றிலிருந்து பிடித்துக்கொள்கிறது. மாடு நாள் முழுவதும் மேய்ந்து அதைத் திரட்டி மடியில் இறக்கிவிடுகிறது. சாம்பலும் மண்ணும் கிளறும் நாட்டுக்கோழியின் முட்டையிலும் இதே கதைதான்.

சரி, புகைபோக்கியிலேயே அளந்தால் போதாதா? நம் நாட்டில் மருத்துவக் கழிவு எரி உலைகளுக்கு 2016 விதிகள்படி ஒரு கனமீட்டர் புகையில் 0.1 நானோகிராம்தான் வரம்பு. கடுமையான வரம்புதான். ஆனால் டையாக்சின் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் சில மணி நேரப் புகையைத்தான் பிடிக்கிறார்கள். உலையைப் பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் வெப்பம் குறைந்து நச்சு கூடும். அந்த நேரத்தில் யாரும் மாதிரி எடுப்பதில்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் குப்பை எரி உலைகளின் புகையைத் தொடர்ந்து சேகரித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இங்கும் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஊர்க்காற்றை அளக்க மின்சாரம் தேவையில்லாத முறையும் உண்டு. இரண்டு எஃகுக் கிண்ணங்களுக்கு நடுவே வட்டமான நுரைப் பஞ்சு ஒன்றை வைத்துக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள். மூன்று மாதம் போல ஆனதும் எடுத்து, பஞ்சு பிடித்து வைத்த நச்சைப் பிரித்துப் பார்ப்பார்கள். சென்னையில் மின்னணுக் கழிவு பிரிக்கும் இடங்களும் குப்பை எரியும் இடங்களும் பி.சி.பி. என்ற நச்சைக் காற்றில் விடுவதை ஆய்வாளர்கள் இப்படித்தான் கண்டார்கள். ஜெர்மனியில் ரைகிராஸ் புல்லைத் தொட்டியில் வளர்த்து ஆலையைச் சுற்றி வைத்து, சில வாரம் கழித்து அறுத்து ஆய்கிறார்கள்.

எந்த ஆலை என்று எப்படிச் சொல்வது? டையாக்சின், ஃபியூரான் குடும்பத்தில் 210 வகைகள் உண்டு. அவற்றில் கொடியவை 17. எரி உலைப் புகையில் ஒரு விகிதம், மரத்துக்குப் பூசும் பென்டாகுளோரோபீனால் மருந்தில் வேறு விகிதம். இது கைரேகை மாதிரி. பாலில் உள்ள விகிதத்தையும் புகையில் உள்ளதையும் அருகருகே வைத்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். காற்றின் திசையும் பொருந்த வேண்டும். கொங்குப் பகுதியில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசும், ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து. ஆலைக்குக் கிழக்கே உள்ள ஊரில் ஐப்பசியில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

சந்தேகம் உள்ள ஊரில் முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். புகை வந்த தேதி, நேரம், காற்றின் திசை, எந்த மாடு எங்கே மேய்ந்தது என்று எழுதி வாருங்கள். காப்பர் எடுக்க ஒயர் கொளுத்தும் இடம் பக்கத்தில் இருந்தால் அதையும் குறியுங்கள். ஆலையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு அதை விட்டுவிடக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யும் ஆய்வகங்கள் குறைவு. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் என்.ஐ.ஐ.எஸ்.டி. நிறுவனத்தில் இதற்கான ஆய்வகம் உண்டு. செலவு பிடிக்கும் என்பதால் தனி ஆளாகப் போகாமல் சங்கம் மூலம், கால்நடை மருத்துவரையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் சேர்த்துக்கொண்டு செய்வது நல்லது.

மாதிரிப் பாலை பிளாஸ்டிக்கில் பிடிக்காதீர்கள். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் நான்கைந்து மாடுகளின் பாலைக் கலந்து ஊற்றி, உறைய வைத்து அனுப்புங்கள். கூடவே, புகை போகாத தூரத்து ஊர்ப் பால் ஒரு பாட்டில் கட்டாயம் வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் கையில் வரும் எண்ணை வைத்து யாரிடமும் வாதாட முடியாது.