மேல்காயை நம்பாதீங்க!

எங்க போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி யாரும் மூட்டையின் மேல்காயை நம்ப மாட்டோம். அடிவரை கையை விட்டுக் கிளறிப் பார்த்துத்தான் விலை பேசுவோம். ஆனால் சர்க்கரை வியாதி என்று வந்துவிட்டால்?

‘‘வெறும் வயித்துல 110. கன்ட்ரோல்ல இருக்குண்ணே!’’

அது மேல்காய்! இரண்டு நாள் பரோட்டாவுக்கு லீவு விட்டாலே இறங்கிவிடும். ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையிடம் இந்தப் பாச்சா பலிக்காது. இரண்டு, மூன்று மாத சராசரியைப் போட்டுக் கொடுத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு 7 சதவிகிதத்துக்குள் இருந்தால் நல்லது. என்னைப் போல ஐம்பதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கணும்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால், மாத்திரை வந்துவிட்டால் பரிசோதனை முடிந்துவிட்டதாக அர்த்தமில்லையே!

விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பாதம்தான் முக்கியம். மழைக்காலத்தில் அட்டை கடிப்பது யாருக்குமே தெரியாது. சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு முள் ஏறினாலும் தெரியாது. புண் பெருத்து, சீழ் வைத்த பிறகு போனால் விரலையே எடுக்கும்படி ஆகலாம். ராத்திரி வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைப் பாருங்க. குனிய முடியலையா? கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்க. டாக்டரிடமும் வருஷத்துக்கு ஒரு தடவை பாதத்தைக் காட்டணும். மெல்லிய நைலான் இழையால் தொட்டே உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது கண். பார்வை பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே விழித்திரை கெட ஆரம்பித்திருக்கலாம். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அதோடு பைக்கை எடுத்துக்கொண்டு மெட்டு ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வித்தை காட்டாதீங்க!

சிறுநீரகமோ வலிக்காமலே பழுதாகும் ஆசாமி. சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று வருஷா வருஷம் பார்த்தால்தான் அகப்படுவார்.

‘‘ஒரு நாள் கூலி போயிருமேண்ணே!’’ என்பார்கள். நியாயம்தான். காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற மாசங்களில் லீவு போட யாருக்கு மனசு வரும்? மாசியில் எடுப்பு ஓய்ந்து, பங்குனி, சித்திரையில் வேலை குறையும். அப்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்க. ஒரு நாள் கூலியோடு போவது, வருஷக்கணக்கில் கூலி போகாமல் காப்பாற்றும்.