கியாஸ் மாறினால் 'ஜெட்'டும் மாறவேண்டும்! வீடு மாறும்போது கூடவே வரும் ஆபத்து

சென்னையில் வீடு மாறுவது என்றால் லேசுப்பட்ட காரியமா? அட்வான்ஸ், தரகர் கமிஷன், வண்டி வாடகை, பால் காய்ச்ச நல்ல நேரம் என்று ஆயிரம் கவலை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஒன்றை மட்டும் பார்ப்பது இல்லை. அதுதான், கியாஸ் அடுப்புக்குள் இருக்கும் குண்டூசி முனை அளவு ஓட்டை!

சோறு ஒழுங்காக வேகுமா, பாத்திரம் கருகுமா, வீட்டில் உள்ளவர்களுக்குத் தலை சுற்றுமா என்பதை எல்லாம் அந்தச் சின்ன ஓட்டைதான் முடிவு செய்கிறது.

"என்னா வேகம்!"

குழாய் வழியாக கியாஸ் வரும் அடுக்குமாடி வீட்டை காலி செய்துவிட்டு, சிலிண்டர் வைக்கும் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறது, ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அடுப்பும் கூடவே வண்டி ஏறுகிறது. புது வீட்டில் சிலிண்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.

குபீர் என்று ஜுவாலை! பால் நிமிடத்தில் பொங்கி வழிகிறது. "புது வீடு ராசியான வீடு. அடேயப்பா, என்னா வேகம்!" என்று வீடே சிரிக்கிறது.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்பது இல்லை. பாத்திரத்தின் அடி கன்னங்கரேல் என்று ஆகிறது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்கிறது. ஜுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடுகிறது. கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தால், மாமியாருக்குத் தலைவலி. மருமகளுக்குக் குமட்டல். சிலிண்டர் வேறு சீக்கிரமே தீர்ந்துபோகிறது.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம், "ஏம்ப்பா, எடை குறைச்சுப் போடுறீங்களா?" என்று சண்டைக்குப் போவார்!

குற்றம் பையன்மீது இல்லை. அனுபவம் உள்ள மெக்கானிக் வந்தால், மஞ்சள் ஜுவாலையைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"அம்மா, இந்த அடுப்பு முன்னே எங்கே எரிஞ்சுது? பைப் கியாசா, சிலிண்டரா?"

"பைப் கியாஸ்தான் தம்பி. ஏன், கியாஸ் எல்லாம் ஒண்ணுதானே?"

"அதாம்மா தப்பு. கியாஸ் வேற, ஓட்டை வேற!"

ஒன்று அல்ல, இரண்டு

இரண்டும் நீலமாக எரிகின்றன. இரண்டிலும் சமைக்கலாம். அதனால் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறுவேறு சரக்கு.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தம் கொடுத்தால் திரவமாகிவிடும். 14.2 கிலோ சிலிண்டருக்குள் 'தளக் தளக்' என்று ஆடுவது அதுதான். பியூட்டேன் சுமார் 0 டிகிரி குளிரிலேயே வாயுவாக மாறாமல் படுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் பனி கொட்டும் நாடுகளில் தனி புரொப்பேனையே வீட்டுக்கு வாங்குகிறார்கள். நம் ஊர் வெயிலுக்குக் கலவையே போதும்.

குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். சென்னைக்கு அருகே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில், ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடிய திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-ம் ஆண்டு திறக்கப்பட்டது. மைனஸ் 160 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் கொண்டுவருகிறார்கள். இப்படிச் செய்தால் வாயுவின் கொள்ளளவு சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் சில பகுதிகளில் வீட்டு அடுப்புவரை குழாய் வந்துவிட்டது. மற்ற பகுதிகளில் சிலிண்டர்தான். அதனால்தான் வீடு மாறும்போது கியாசும் மாறிவிடுகிறது.

ஸ்கேல் கணக்கு

ஒரே அளவு வாயுவை எடுத்து எரித்தால், இயற்கை எரிவாயுவைவிட புரொப்பேன் சுமார் இரண்டரை மடங்கு சூடு தரும். பியூட்டேன் அதற்கும் மேல்.

அழுத்தத்திலும் வித்தியாசம் உண்டு. சிலிண்டர் ரெகுலேட்டரில் இருந்து கியாஸ் வெளியே வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். அதாவது 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேல் உயரம். குழாய் கியாசுக்கு வீட்டில் 21 மில்லிபார்தான்.

ஆக, சூடு குறைவான, அழுத்தம் குறைவான குழாய் கியாசுக்குப் பெரிய ஓட்டை வேண்டும். சூடு அதிகமான சிலிண்டர் கியாசுக்குச் சிறிய ஓட்டை போதும். இந்த ஓட்டை உள்ள பித்தளைத் துண்டுக்குத்தான் 'ஜெட்' என்று பெயர். பர்னருக்குப் போகும் குழலின் வாயில், குமிழுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும்.

பெரிய ஓட்டை உள்ள அடுப்பில் சிலிண்டரை மாட்டினால், கணக்குப்படி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூட்டுக்கான கியாஸ் பீறிட்டு வரும். பர்னர் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. அவ்வளவு கியாசுக்கும் காற்று போதாது. மீத்தேன் ஒரு பங்கு எரிய சுமார் 10 பங்கு காற்று வேண்டும். புரொப்பேனுக்கு 24 பங்கு. பியூட்டேனுக்கு 31 பங்கு. காற்று கிடைக்காத கியாஸ் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. பாத்திரம் கறுப்பது அதனால்தான்.

வாசனை இல்லாத விஷம்

கரியோடு போனால் பரவாயில்லை. அரைகுறையாக எரியும் கியாசில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராண வாயு உட்காரவேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், மயக்கம். சமையல் அறையில் நிற்கும்போது வந்து, வெளியே காற்றாட நின்றால் தீருகிற தலைவலியை, "வயசாயிடுச்சு, பித்தம்" என்று விட்டுவிடக்கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, உடனே ஜுவாலையைச் சோதிக்கச் சொல்லவேண்டும்.

துரப்பண ஆசாமி

இதற்கு எதிர்க் கூத்தும் உண்டு. சிலிண்டர் அடுப்பைக் குழாய் கியாசில் மாட்டினால், ஜுவாலை பாதியாகக் குறைந்துவிடும். "பைப் கியாஸ் சரியில்லை, இட்லி வேகவே மாட்டேங்குது" என்று புலம்பல் கிளம்பும்.

அந்த நேரத்தில் யாராவது ஓர் ஆசாமி, "ஜெட்டை ஏன் காசு கொடுத்து வாங்குறீங்க? இப்பவே ஓட்டையைப் பெரிசு பண்ணிடுறேன்" என்று துரப்பண ஊசியோடு வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜெட்டின் ஓட்டை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு பார்த்துத் துளைக்கப்படுவது. கையால் குடைந்தால் கோணலாகும், பிசிறு நிற்கும். கியாஸ் நேராகப் பாயாது. காற்றையும் சரியாக இழுக்காது.

அப்படிக் குடைந்த அடுப்பு நாளைக்கு மறுபடி சிலிண்டர் வீட்டுக்குப் போனால், ஆபத்து இரட்டிப்பு. "ஈயம் வைத்து அடைச்சு, ஊசியால குத்தித் தர்றேன்" என்று சொல்வதும் இதே ரகம்தான். ஜெட் அடைத்துக்கொண்டால்கூட குண்டூசியால் குத்தக்கூடாது.

செய்யவேண்டியது என்ன?

சிலிண்டர் வீட்டுக்குப் போகிறவர்கள், அடுப்பு கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக்கையோ, கியாஸ் ஏஜென்சி மெக்கானிக்கையோ கூப்பிட்டு, அதே மாடலுக்கு உரிய சிலிண்டர் ஜெட்டுகளைப் போடச் சொல்லவேண்டும். குழாய் கியாசுக்கு மாறுகிறவர்கள், இணைப்புக் கொடுக்கும் கம்பெனி ஆட்களைக் கொண்டே மாற்றவேண்டும். அடுப்பின் விலையைப் பார்த்தால் ஜெட்டின் விலை ஒரு பொருட்டே அல்ல.

மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று: பெரிய பர்னருக்குப் பெரிய ஜெட், சின்ன பர்னருக்குச் சின்ன ஜெட். இடம் மாறக்கூடாது. எல்லா பர்னரிலும் மாற்றவேண்டும். "ஒண்ணு போதும்" என்ற பேச்சே கூடாது.

இரண்டு: கழற்றி மாட்டிய இடத்தில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிக்கிற ஆசாமியை நம்பாதீர்கள்.

மூன்று: ஜுவாலை நீலமாக, அசையாமல் நிற்கவேண்டும். மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை. 'புஸ்' என்று இரைந்து பர்னரைவிட்டு எம்பினால் காற்று அதிகம்.

நான்கு: 'சிம்'மில் வைத்துப் பாருங்கள். அணையவும் கூடாது, குதிக்கவும் கூடாது.

சிலிண்டருக்கு ரப்பர் டியூபும் முக்கியம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 'சுரக்ஷா' டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். விரிசல் கண்டால் அதற்கு முன்பே மாற்றவேண்டும். விருந்துச் சமையல் அடுப்புக்கு உள்ள, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டவே கூடாது.

புது அடுப்பு வாங்குகிறீர்களா?

அடுப்பின் அடிக்குழாய் துருப்பிடித்து, குமிழ் இறுகி, பர்னர் தேய்ந்துபோயிருந்தால், அதற்கு ஜெட் மாற்றுவது வீண் செலவு. புது அடுப்பே வாங்கிவிடலாம். கடையில் நிறத்தையும் கண்ணாடியையும் பார்ப்பதற்கு முன், எந்த கியாசுக்கு உரியது என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள்.

"மகன் அமெரிக்காவில் இருந்து அனுப்பிய அடுப்பு" என்று பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலான அடுப்புகள் இயற்கை எரிவாயுவுக்காகவே சரிசெய்யப்பட்டு வருகின்றன. புரொப்பேன் உபயோகிப்பவர்களுக்காகத் தனி ஜெட்டுகளை ஒரு சின்னப் பையில் போட்டு அடுப்போடு கொடுப்பது உண்டு. ஜெட்டோடு, அடுப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டரையும் மாற்றி அமைக்கவேண்டும். அந்தப் பையை 'குப்பை' என்று வீசிவிட்டால், அடுப்பு வெறும் அலங்காரப் பொருள்தான்!

ஒரு நாடே மாற்றியது

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. பிரிட்டனில் முன்பு நிலக்கரியில் இருந்து எடுத்த கியாஸ்தான் வீடுகளுக்கு வந்தது. வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும், 1967 முதல் 1977 வரை 10 ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கி, சுமார் 4 கோடி அடுப்புகளையும் ஹீட்டர்களையும் புது கியாசுக்கு ஏற்ப மாற்றினார்கள். "அப்படியே எரியட்டும்" என்று விட்டிருக்க முடியாதா? முடியாது. கியாஸ் மாறினால் ஓட்டையும் மாறியே ஆகவேண்டும்!

மூக்கு சொல்வதைக் கேளுங்கள்

கியாஸ் மாறும்போது கசிவின் குணமும் மாறும். சிலிண்டர் கியாஸ் காற்றைவிட கனமானது. தரையில் படிந்து, மேடைக்கு அடியில் தேங்கும். காற்றில் 100-க்கு 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். குழாய் கியாஸ் லேசானது. மேலே ஏறிக் கூரையில் தங்கும். 100-க்கு 5 பங்கு கலந்தால் தீப்பிடிக்கும்.

வாடை வந்தால் ரெகுலேட்டரை அல்லது குழாய் வால்வை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே போய் போன் செய்யுங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906. தீயணைப்புக்கு 101. குழாய் கியாஸ் என்றால் கம்பெனி பில்லில் அவசர எண் இருக்கும். அதை சமையல் அறைக்கு வெளியே சுவரில் எழுதி வையுங்கள்.

தீப்பெட்டிக்குள் ஜெட்

கடைசியாக ஒரு யோசனை. மெக்கானிக் பழைய ஜெட்டுகளைக் கழற்றினால், அவரிடமே விட்டுவிடாதீர்கள். காலி தீப்பெட்டியில் போட்டு, 'சிலிண்டர்' என்றோ 'பைப்' என்றோ மேலே எழுதி வையுங்கள். அடுத்த வீடு எங்கே அமையும் என்று வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெரியுமா?

வண்டியில் சாமான் ஏற்றும்போது சாமி படம் முதலில் ஏறட்டும். அதற்கு அடுத்தபடியாக அந்தத் தீப்பெட்டி ஏறட்டும். பால் பொங்கவேண்டியதுதான். ஜுவாலை பொங்கக்கூடாது!