சுந்தரி மரமும் கங்கை ஜலமும்

ஒரு விருக்ஷத்தின் பெயர் ஒரு மகாவனத்துக்கே பெயராக அமைவது அபூர்வம். வங்கக் கடலோரத்தில், இந்தியாவிலும் பங்களாதேஷிலுமாகச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் சுந்தரவனத்துக்குச் சுந்தரி மரத்தினாலேயே அப்பெயர் வந்ததென்று பெரும்பாலோர் கூறுவர். அந்த மரமே இன்று அபாயத்தில் இருக்கிறது. தாவர நூலார் ஹெரிட்டியேரா போமீஸ் என்று குறிக்கும் இம்மரத்தைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2010-ம் வருஷத்தில் அழியும் அபாயமுள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. பெயர் நிலைத்திருக்க, பெயருக்குரியது மறைவதா?

சுந்தரி கடலோரத்தில் வளர்வதாயினும் கடலை மட்டும் நம்பி வாழ்வதன்று. உப்பங்கழி மரங்களில் பல கடும் உப்பையும் சகிக்கும். இதுவோ நதியின் நன்னீர் கலந்து உப்புத் தணிந்த இடத்திலேயே செழித்தோங்கும். படகு கட்டவும் வீடு கட்டவும் வங்காளத்தார் தலைமுறை தலைமுறையாக இதன் உறுதியான கட்டையை நாடி வந்தனர். 1989-ல் பங்களாதேஷ் சர்க்கார் இதை வெட்டுவதைத் தடுத்தது. கோடரி ஓய்ந்தது, ஆயினும் மரம் தேறவில்லை. உச்சிக் கிளைகள் முதலில் பட்டு, பின் மரம் முழுவதுமே காயும் நோய் அதைப் பற்றியிருக்கிறது. இதற்கு நிபுணர்கள் காரணம் பல கூறினும், உப்பு மிகுந்ததையே அவர்களில் பலர் முக்கியமாகக் கருதுகின்றனர்.

உப்பு ஏன் மிகுந்தது? கங்கையின் கிளையாகிய கோராய் நதியே பங்களாதேஷ் பக்கத்து வனத்துக்கு நன்னீர் கொணரும் முக்கிய வழி. கல்கத்தாத் துறைமுகம் மண்ணேறாதிருக்க ஹூக்ளிக்கு ஜலம் திருப்பும் பொருட்டு, 1975-ல் நம் சர்க்கார் பராக்கா அணையை இயங்கச் செய்தனர். அதன் பிறகு வறட்சி மாதங்களில் கோராயில் இறங்கும் வெள்ளம் குன்றியது. அந்நதி பிரியும் இடமும் மண்மேடிட்டது. நம் எல்லைக்குட்பட்ட வனத்திலோ, மாதலா முதலிய நதிகள் கங்கையின் தொடர்பை முன்னரே இழந்து உவர்ப்பேறின. அங்கே சுந்தரி அருகி விட்டது.

இரு தேசங்களும் 1996 டிசம்பரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஜனவரி முதல் மே வரை, பராக்காவில் வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ வந்தால் இருவருக்கும் சரிபாதி என்பது அதன் விதிகளுள் ஒன்று. அத்தவணை 30 வருஷம். 2026 டிசம்பருடன் தீர்வது. இந்தியாவின் பங்கும் பங்களாதேஷின் பங்கும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. வனத்தின் பங்கு என்று தனியே ஒன்று எழுதப்படவில்லை. மரம் மனுச் செய்யாது, மகாநாடு கூட்டாது, ஆதலின் அதன் வழக்கு எடுபடாமலே போயிற்று.

கடலில் கலக்கும் ஜலமெல்லாம் வீண் என்று பேசுவோர் நம்மிடையே பலர். காவேரியின் கடைமடையில் வாழும் விவசாயியைக் கேட்டால் உண்மை விளங்கும். நதி தளர்ந்த இடத்தில் கடல் சும்மா இராது. நிலத்துக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் உப்பைச் செலுத்தும். கடல் வரை செல்லும் நன்னீரே அதற்கு வேலி. அவ்வேலியின் பின்னேதான் சுந்தரவனம் நிற்கிறது. 2007 நவம்பரில் ஸித்ர் புயல் தாக்கியபோது அவ்வனம் அதன் வேகத்தைத் தன்மேல் ஏற்றுக் குறைத்தது. மரம் போனால் மனிதருக்கும் அரணில்லை.

துறைமுகத்துக்கு ஜலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வயலுக்கு வேண்டாமென்றும் சொல்லவில்லை. 1996-ம் வருஷத்து உடன்படிக்கைக்குப் பின் செய்யப்படும் எந்த ஏற்பாட்டிலும், கடலோர வனத்துக்கென வறட்சி மாதங்களில் ஒரு குறைந்தபட்ச ஓட்டத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தையே பங்கிட வேண்டுமென்கிறோம். கோராயின் மண்மேட்டை அகற்றும் கடமை பங்களாதேஷைச் சேர்ந்தது. ஜலத்தை விடும் கடமை நம்மைச் சேர்ந்தது. நதியின் மேலே இருப்பவனுக்கு உரிமை எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு. கர்நாடகத்திடம் நாம் கேட்கும் நியாயத்தைக் கங்கைக் கரையில் மறுப்பது நமக்கு அழகன்று.