மண்ணிற் கிடைக்கும் குண்டுகளும் தோட்டாக் கோதுகளும்

சப்பிரகமுவா மாகாணத்துத் தெரணியகலை, இறப்பரும் தேயிலையும் செழிக்கும் மலைச்சாரலூர். சீதாவாக்கை ஆறு அவ்வழி இறங்கி அவிசாவளையை நோக்கிச் செல்கின்றது. 1521 முதல் 1594 வரை நிலவிய சீதாவாக்கை அரசு போர்த்துக்கேயரோடு பன்முறை பொருத நாடு இது. கண்டியரும் ஐரோப்பியரும் படை நடத்திய எல்லைப்புறமும் இதுவே. இத்தகைய நிலத்தில் மண் வெட்டுவோர் கையில் ஈயவுருண்டையோ பித்தளைக் கோதோ அகப்படின், அது பறங்கியர் காலத்தது என்று துணிந்துவிடுதல் எளிது. பித்தளைக் கோதாயின் அத்துணிவு பிழையென்பது உறுதி. போர்த்துக்கேயர் இலங்கையை இழந்தது 1658இல். உலோகக் கோதுடைய சினைடர் துப்பாக்கியை ஆங்கிலப் படை ஏற்றது 1866இலேதான்.

எனவே முதலில் நோக்கற்பாலது வடிவம். உருண்டையான ஈயக்குண்டு, குழாயின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு அடைக்கும் பழந்துப்பாக்கிக்குரியது. நெடுங்காலம் மண்ணிற் கிடந்த ஈயத்தின்மேல் வெண்ணிறப் படலம் படரும்; அதனைச் சுரண்டுதல் தகாது. அச்சில் வார்த்தமைக்கு அடையாளமான மெல்லிய விளிம்புக்கோடு அதன்கீழேயே காக்கப்பட்டிருக்கும். ஆங்கிலப் படையின் பெருந்துப்பாக்கிக் குழாய் 0.75 அங்குல விட்டமுடையது. அதன் குண்டு ஏறத்தாழ 0.69 அங்குலம், இறாத்தலுக்குப் பதினான்கு நிற்கும். ஆயினும் அளவொன்றையே கொண்டு காலம் கணித்தலாகாது. வேட்டைக்கென ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்போர் பிற்காலத்தும் இருந்தனர். நசுங்கிய குண்டு சுடப்பட்டது. வடிவு குன்றாதது பெரும்பாலும் வழியில் தவறி வீழ்ந்தது. கிடைத்த இடத்தைக் குறிக்காது குண்டை மட்டும் எடுத்துச் செல்வோர், போர் நடந்த களமா படை நடந்த வழியா என்று அறியும் வாய்ப்பையும் உடன் அழித்துவிடுகின்றனர்.

கூர்முனையும் குழிந்த அடியும் உடைய ஈயக்குண்டு, 1853ஆம் ஆண்டின் என்பீல்டு போன்ற, திருகுவரிக் குழாயுடைய துப்பாக்கிகளுக்குரியது.

கோதுகளைப் பொறுத்தவரை அடித்தட்டே சாசனம். 0.303 அங்குலத் தோட்டாவின் கோது இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமும் வெளிநீண்ட விளிம்பும் உடையது. அடியில் ஏழு என்னும் உரோம எண் காணப்படின் அது 1910இல் ஏற்கப்பட்ட ஏழாம் வகையாம். கே.எப். என்னும் எழுத்துக்கள் பூனாவை அடுத்த கிர்க்கித் தொழிற்சாலையைக் குறிப்பன. ஆண்டின் ஈற்றிரு இலக்கங்களும் பலவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. தோட்டப்புறங்களில் இத்தகைய கோது கிடைத்தவுடன் போரை நினைத்தல் வேண்டா. தோட்டத்துரைமாரைக் கொண்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை 1900 முதல் 1949 வரை இருந்தது. அதன் பயிற்சியின் எச்சமாகவும் அது இருத்தல் கூடும்.

வேட்டைத் துவக்கின் தோட்டாவிலோ கடுதாசி உக்கிப்போகப் பித்தளை அடி மட்டும் எஞ்சும். அதிலுள்ள 12 என்னும் இலக்கத்தை 1912 எனக் கொள்வாரும் உளர். அது ஆண்டன்று, இறாத்தலுக்குப் பன்னிரண்டு குண்டு நிற்கும் குழாயளவேயாம். 1971 ஏப்ரற் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் பெரிதும் பாதிக்கப்பட்டது. கிளர்ச்சியாளர் கையில் இருந்தவற்றுட் பல இத்தகைய வேட்டைத் துவக்குகளே. ஆதலின் அத்தகைய அடித்தட்டு வேட்டையின் எச்சமோ அண்மைக்காலத் துயரொன்றின் எச்சமோ என்பதைக் கிடைத்த இடமும் உடன் கிடைத்த பொருள்களுமே உணர்த்தவல்லன.

அடித்தட்டின் நடுவிலுள்ள மூடியில் ஊசி குத்திய பள்ளம் இல்லாது, குண்டும் பொருந்தியிருப்பின் அத்தோட்டா வெடிக்காதது. அதனைத் தட்டுதலும் சூடாக்குதலும் உயிருக்கு இறுதி. இருந்த இடத்திலேயே விட்டுப் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். 1815 மார்ச் 2ஆந் தேதிக்கு முற்பட்ட பொருள்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துள் அடங்குவன. சீதாவாக்கைக் காலத்து ஈயக்குண்டு ஒன்றாயினும் அவ்வாறே.