புயல் அடித்தால் கடிதம் எங்கே போகும்?

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி காலை.

"தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்களில் மறுபடி விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆயிற்று.

இப்படிப்பட்ட நேரத்தில், வந்துகொண்டிருக்கும் மின்னஞ்சல் என்ன ஆகும்?

கதவைத் தட்டும் கடிதம்

கடலூரில் ஓர் அலுவலகம் மின்னஞ்சலுக்குச் சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் என்பது கடிதங்களை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். அதுதான் அந்த அலுவலகத்தின் தபால் நிலையம். மின்சாரம் போனால் அது மூடிவிடும்.

ஆனால், கடிதம் உடனே தொலைந்து போகாது. அனுப்பியவரின் சர்வர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டும். பொதுவாக 4, 5 நாள் தட்டும். பிறகு, "சேர்க்க முடியவில்லை" என்று அனுப்பியவரிடமே கொடுத்துவிடும்.

5 நாளில் மின்சாரம் வந்துவிட்டால் சரி. வராவிட்டால்?

அதற்குத்தான் இரண்டாவது சர்வர். இணையத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முகவரிப் பதிவேடு உண்டு. எந்தச் சர்வரிடம் முதலில் போக வேண்டும், அது இல்லாவிட்டால் எதனிடம் போக வேண்டும் என்று அதில் எண் போட்டு எழுதலாம். சிறிய எண்ணுக்கே முதல் இடம். 10 என்று குறித்த சர்வர் படுத்துவிட்டால், கடிதம் 20 என்று குறித்த சர்வருக்குப் போகும்.

அந்த இரண்டாவது சர்வரைச் சிதம்பரத்தில் வைக்கலாமா? சுமார் 45 கிலோ மீட்டர்தான், போய்வரச் சவுகரியம். ஆனால், கடலூரை அடிக்கும் புயல் சிதம்பரத்தை மட்டும் விட்டுவிடுமா? கோவை போன்ற தொலைவான ஊரே நல்லது. அங்கேயும் குப்பைக் கடிதங்களைத் தடுக்கும் காவல் வேண்டும். திருடன் கொல்லைப்புறத்தைத்தான் பார்ப்பான்!

கரையான் தின்ற ஏடு

இது புதிய கடிதங்களுக்கு. பழைய கடிதங்களுக்கு?

அதே 2011-ம் ஆண்டு பிப்ரவரியில், மென்பொருள் பிழை ஒன்றால் கூகுளின் ஜிமெயிலில் 10 ஆயிரம் பேருக்கு 2 பேர் வீதம் கடிதப் பெட்டி காலியாகிவிட்டது. பல ஊர்களில் பிரதிகள் இருந்தும் பயன் இல்லை. பிழை அந்தப் பிரதிகளையும் தொட்டுவிட்டது! தனியே எடுத்து வைத்திருந்த காந்த நாடாக்களில் இருந்துதான் கடிதங்களை மீட்டார்கள்.

சிதம்பரத்துக்கு இது புதுக் கதை அல்ல. தேவார ஏடுகள் அங்கே கோவில் அறை ஒன்றில் பூட்டிக் கிடந்தனவாம். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். ராஜராஜ சோழன் மூவரின் சிலைகளையே கொண்டுவந்து நிறுத்தினான் என்று மரபு சொல்கிறது. கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. அரித்தது போக மிஞ்சியதே இன்று கிடைக்கும் தேவாரம்.

இன்றும் சில அலுவலகங்களில் பழைய கடிதங்களைத் திறக்கும் பாஸ்வேர்டு ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால், கொண்டுவந்து நிறுத்த அவருக்குச் சிலை கிடையாது! 2 பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறை பழைய கடிதம் ஒன்றை எடுத்துத் திறந்தும் பார்க்க வேண்டும், கரையான் ஏறியிருக்கிறதா என்று.