மேட்டுக் காற்றும் கடற்காற்றும்

பெங்களூரின் ஓசூர் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் ஹெப்பகோடி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதை அங்கே தினந்தோறும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஆனால் அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் படகுக்குப் புது யந்திரத்தைப் பொருத்தி, கார்புரேட்டரையும் ஸ்லோ ஸ்பீடையும் செவ்வையாகத் திருத்தி, அதன் தாளகதியைக் கேட்டுத் திருப்தியடைந்து, பிறகு நாகப்பட்டினத்துக் கடலில் இறக்குகிறவர், அங்கே த்ராட்டிலைத் திறந்தவுடன் அது தும்முவதைக் கண்டு திகைப்பாரானால், குற்றம் யந்திரத்திலும் அன்று, மெக்கானிக்கிடமும் அன்று, காற்றிலே இருக்கிறது.

கார்புரேட்டரின் தத்துவம் பழையது. குறுகிய தொண்டை வழியே பாயும் திரவத்தின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது என்பதை இத்தாலியரான வெஞ்சூரி 1797-இல் ஆராய்ந்து எழுதினார். 1893-இல் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் தனித்தனியே பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார்கள். ஒரு பங்கு பெட்ரோல் பூரணமாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஹெப்பகோடிக் காற்றோ கடற்கரைக் காற்றைவிட நூற்றுக்கு எட்டுப் பங்குபோல் லேசானது. கார்புரேட்டர் இழுக்கும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே கடற்கரையில் சரியாயிருந்த கலவை மேட்டில் செறிந்துபோகும். மேட்டில் சரியாக்கியது கடற்கரையில் வறண்டுபோகும். செறிந்தால் கரும்புகை வரும், பிளக் கரிபிடிக்கும், அவ்வளவே. எண்ணெயையும் பெட்ரோலோடு கலந்தே ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் யந்திரத்தில் கலவை வறண்டாலோ, உஷ்ணம் ஏறும் வேளையில் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இனி ஸ்லோ ஸ்பீடு. த்ராட்டில் மூடியிருக்கும்போது பெரிய தொண்டையில் இழுப்பு இல்லாதபடியால், யந்திரம் தனியானதொரு சிறு துவாரத்தின் வழியே சுவாசிக்கிறது. கலவை ஸ்க்ரூ அதற்குரியது. பிளக், இக்னிஷன் டைமிங், வடிகட்டி ஆகியவை ஒழுங்காக இருப்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே அதைத் தொட வேண்டும். மிருதுவாக உள்ளே திருகி, தட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, யந்திரம் நன்றாகச் சூடேறியபின் கால்சுற்றுக் கால்சுற்றாகத் திருப்பி, தடுமாறும் இரண்டு எல்லைகளையும் கண்டு, இடையில் சற்றுச் செறிவான பக்கமாக நிறுத்துவது வழக்கம். சிலவற்றில் அந்த ஸ்க்ரூ பெட்ரோலையன்றிக் காற்றைக் கட்டுப்படுத்துவது. அங்கே திசை தலைகீழ்.

கரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லிவிடுவது, நான் பலமுறை கண்ட அவசரம். கியர் விழுந்து விசிறி தண்ணீரை உந்தும் பாரத்தோடுதான் ஸ்லோ ஸ்பீடை அளக்க வேண்டும். கம்பெனிப் புத்தகம் சொல்லும் எண்ணே பிரமாணம், பெரும்பாலும் அது நிமிஷத்துக்கு 600 சுற்றுக்கும் 900 சுற்றுக்கும் இடையில் இருக்கும். குறைந்தால் துறையை நெருங்கிக் கியர் போடும் தருணத்தில் யந்திரம் அணைந்துவிடும்; கூடினால் ஒவ்வொரு முறையும் கியர் அடிபடும்.

கன்னியாகுமரிக் கரையின் வள்ளங்களில் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் மீனவர்கள் இந்தச் சூட்சுமங்களைக் காதாலேயே அறிவார்கள். நகரத்தில் அந்தக் காது அருகி வருகிறது: 2020 ஏப்ரல் முதல் தேதி பிஎஸ்-6 புகைக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின், புது இருசக்கர வாகனங்களிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆகையால் ஹெப்பகோடியில் பொருத்துங்கள், கிளப்பியும் பாருங்கள். ஆனால் அங்கே குளிர்ச்சிக்குத் தண்ணீர் கொடுக்காமல் ஒரு நிமிஷமும் ஓட்டாதீர்கள், பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். யந்திரம் படகின் உள்ளறையில் இருந்தால், காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி அடியில் தேங்கியிருக்கும். சாவியைத் திருப்புமுன், அந்த ஆவியை வெளியேற்றும் காற்று விசிறியை நாலு நிமிஷமாவது ஓடவிடுங்கள். கடைசித் திருகலை மட்டும் படகு மிதக்கப்போகும் தண்ணீருக்கென்று வைத்திருங்கள்.